நாலு ஸ்பேட் - ஒரு சீட்டாட்டமும் ஒரு கொலையும்

1929 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் கான்சஸ் சிட்டி நகரம். வசதியான ஒரு அடுக்குமாடி வீட்டில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஜான் பென்னட், அவர் மனைவி மிர்ட்டில், அதே கட்டடத்தில் குடியிருந்த சார்லஸ் ஹாஃப்மன், அவர் மனைவி மேமி. ஜான் வாசனைத் திரவியங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. மறுநாள் வேலை விஷயமாக வெளியூர் கிளம்ப வேண்டியவர். ஆட்டம் பிரிட்ஜ். பந்தயம் என்று பார்த்தால் வெறும் சில்லறைக் காசு.

நேரம் போகப்போக பென்னட் தம்பதி தோற்கத் தொடங்கினார்கள். அப்போது ஒரு கை வந்தது. ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி எடுப்பதாக ஒப்புக்கொண்டு ஜான் ஆடினார். எடுக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மிர்ட்டில், விருந்தாளிகள் முன்னாலேயே அவரை உதவாக்கரை ஆட்டக்காரர் என்று திட்டினார். பேச்சு வலுத்தது. ஜான் எழுந்து மனைவியைப் பலமுறை அறைந்தார். பிறகு, இன்று இரவே கிளம்புகிறேன் என்று சொல்லிப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். பயணத்தில் கூடவே எடுத்துப்போகும் கைத்துப்பாக்கியைக் கொண்டுவரும்படி மனைவியிடமே சொன்னார். மிர்ட்டில் தன் தாயார் தூங்கும் அறைக்குப் போய் அதை எடுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் குண்டுகள் வெடித்தன. ஜான் பென்னட் சொந்த வீட்டுக்குள்ளேயே செத்துப்போனார்.

ஒரு சீட்டாட்டத்துக்காகவா கொலை? இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அந்த வீட்டில் அதற்கு முன்பே என்னென்ன புகைந்துகொண்டிருந்ததோ, அது வேறு விஷயம். ஆனால் ஏன் பிரிட்ஜ் மேஜையில் வந்து வெடித்தது என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் அந்த ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

304 ஆடத் தெரிந்தவர்களுக்கு பிரிட்ஜ் பாதி தெரிந்த மாதிரிதான். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி, ஏலம் கேட்பது, துருப்பு, வெட்டு, பிடி எல்லாம் இதிலும் உண்டு. 52 சீட்டையும் போடவேண்டும், ஆளுக்கு 13. ஆகவே மொத்தம் 13 பிடி. ஏலத்தில் ஆறு பிடிக்கு மேல் எத்தனை என்றுதான் கேட்பார்கள். 'நாலு ஸ்பேட்' என்றால் ஸ்பேட் துருப்பாக ஆறும் நாலும் பத்துப் பிடி. ஏலத்தை ஜெயித்த ஜோடியில் அந்தத் துருப்பை முதலில் சொன்னவர் மட்டும்தான் ஆடுவார். அவருடைய ஜோடி தன் 13 சீட்டையும் மேஜையில் விரித்துவைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். இவருக்கு 'டம்மி' என்று பெயர். (தப்பு நடப்பது கண்ணுக்கு நேரே தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதைவிடக் கொடுமையான வேலை சீட்டாட்டத்தில் வேறு இல்லை!) அன்று இரவு அந்தக் கையில் டம்மி யார் தெரியுமா? மிர்ட்டில்தான்.

ஏலத்தின்போது ஜோடிகள் தங்கள் சீட்டைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இஷ்டத்துக்குப் பேச முடியாது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட் என்ற நான்கு பெயர்கள், கூடவே துருப்பே வேண்டாம் என்பதற்கு 'நோ டிரம்ப்'. பிறகு பாஸ், டபுள், ரீடபுள். எண்ணிப் பாருங்கள், பதினைந்தே சொற்கள். இந்தப் பதினைந்தை வைத்துக்கொண்டுதான் பதிமூன்று சீட்டின் கதையையும் எதிரே இருப்பவருக்குப் புரியவைக்க வேண்டும். கண்ணடிக்கவோ குரலை மாற்றவோ கூடாது. அது திருட்டு ஆட்டம்.

இந்தப் பேச்சு முன்பெல்லாம் இவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. அதற்குமுன் புழக்கத்தில் இருந்தது ஆக்‌ஷன் பிரிட்ஜ். அதில் இரண்டு ஸ்பேட் என்று குறைவாகக் கேட்டு ஏலத்தை எடுத்துவிட்டுப் பத்துப் பிடி எடுத்தால், பத்துக்கும் முழுக் கணக்கு. அப்புறம் எதற்கு மெனக்கெட்டு உயரக் கேட்க வேண்டும்? எதிரிகள் விடும் இடத்தில் நின்றுகொண்டால் போதும். 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற பெரும் பணக்காரர், ஃபின்லாந்து என்ற கப்பலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் போகும்போது, நண்பர்களோடு உட்கார்ந்து கணக்கை மாற்றிப் போட்டார். கேட்ட அளவுக்கு மட்டும்தான் ஆட்டத்துக்கான புள்ளி. கேட்காமல் எடுத்தது உபரி, அது ஆட்டத்தை ஜெயிக்க உதவாது. இந்த யோசனை முழுக்க அவருடையது அல்ல, பிரான்ஸில் ஆடப்பட்ட பிளாஃபோன் என்ற ஆட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் வாண்டர்பில்ட் அதோடு சேர்த்த போனஸும் அபராதமும்தான் ஆட்டத்துக்குக் காரம் ஏற்றின. பன்னிரண்டோ பதிமூன்றோ பிடி எடுப்பேன் என்று துணிந்து கேட்டு எடுத்தால் பெரிய பரிசு, கேட்டதில் குறைந்தால் பெரிய அடி. இதுதான் கான்ட்ராக்ட் பிரிட்ஜ். மூன்று நான்கு வருடத்தில் அமெரிக்காவின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

இந்தச் சின்ன மாற்றம் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். பழைய ஆட்டத்தில் ஏலத்தில் செய்த தப்பு பெரும்பாலும் கண்ணில் படாது. புதிய ஆட்டத்தில் ஒரு சீட்டுகூட விழுவதற்கு முன்பே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது. குறைவாகக் கேட்டாலும் நஷ்டம், அதிகமாகக் கேட்டாலும் நஷ்டம். சரியான அளவு எது என்று தனியாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பாதிச் சீட்டு ஜோடியின் கையில் இருக்கிறது. ஜோடி சொன்னதை நம்பித்தான் கேட்டாக வேண்டும். கை முடிந்ததும் நாலு பேர் சீட்டும் வெளியே வந்துவிடும். அப்போது யார் என்ன சொன்னார், உண்மையில் அவர் கையில் என்ன இருந்தது என்று விரல் நீட்டிக் காட்டலாம். இந்த ஆட்டத்தை அன்று அதிகம் ஆடியவர்கள் யார்? சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தம்பதியோடு உட்கார்ந்த கணவன் மனைவிகள்!

அந்தக் கையையே பார்க்கலாம். பிற்பாடு அச்சில் வந்த கணக்குப்படி நாலு பேரிடமும் இருந்தவை இவை:

ஜான்: ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 9, 8, 5. ஹார்ட்டில் ராஜா, 7, 6, 2. டைமண்டில் 8, 5. கிளாவரில் ராஜா, 10.

ஹாஃப்மன் (ஜானுக்கு அடுத்து ஆடுபவர்): ஸ்பேடில் ராணி, 7, 2. ஹார்ட்டில் ஏஸ், ஜாக்கி, 3. டைமண்டில் ஏஸ், ராணி, 10, 9, 2. கிளாவரில் ஜாக்கி, 6.

மிர்ட்டில்: ஸ்பேடில் ஏஸ், 10, 6, 3. ஹார்ட்டில் 10, 8, 5. டைமண்டில் 4 மட்டும். கிளாவரில் ஏஸ், 9, 8, 4, 2.

மேமி: ஸ்பேடில் 4 மட்டும். ஹார்ட்டில் ராணி, 9, 4. டைமண்டில் ராஜா, ஜாக்கி, 7, 6, 3. கிளாவரில் ராணி, 7, 5, 3.

ஜான் ஒரு ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கினார். ஹாஃப்மன் இரண்டு டைமண்ட் என்றார். மிர்ட்டில் ஒரே தாவலில் நாலு ஸ்பேட் என்றார். மற்றவர்கள் பாஸ்.

முதல் தப்பு முதல் வார்த்தையிலேயே இருக்கிறது. ஏலத்தைத் தொடங்குவது என்றால் 'என்னிடம் சராசரிக்கு மேல் பலம் இருக்கிறது' என்று ஜோடிக்குச் சொல்வது. அந்தக் காலத்தில் பலத்தை 'ஹானர் டிரிக்' என்ற கணக்கில் அளந்தார்கள். ஏஸுக்கு ஒன்று, கூடச் சீட்டு இருக்கும் ராஜாவுக்கு அரை என்கிற மாதிரி. தொடங்க வேண்டுமானால் இரண்டரை வேண்டும். ஜானிடம் ஒரு ஏஸ்கூட இல்லை. மூன்று ராஜாவும் ஒரு ஜாக்கியும்தான். எப்படிக் கூட்டினாலும் இரண்டரை வராது.

மிர்ட்டில் பக்கம் இருந்து பாருங்கள். கணவர் பலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தன்னிடம் நாலு துருப்பு, இரண்டு ஏஸ், டைமண்டில் ஒற்றைச் சீட்டு. அவர் சொன்னது உண்மையானால் பத்துப் பிடி என்பது பேராசையே இல்லை. அவர் அவருடைய வார்த்தையை நம்பினார். சீட்டை விரித்துவைத்துவிட்டு அந்த வார்த்தைக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கை ஜெயிக்கக் கூடியதுதான் என்பதுதான் கொடுமை. ஹாஃப்மன் முதலில் டைமண்ட் ஏஸை இறக்கிப் பிடி எடுத்தார். டம்மியில் டைமண்ட் தீர்ந்துவிட்டதைப் பார்த்து, கிளாவர் ஜாக்கிக்கு மாறினார். ஜான் அதை ராஜாவால் பிடித்தார். இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆபத்து ஹார்ட்டில் இருக்கிறது. ஏஸ் ஹாஃப்மனிடம் இருக்கும் என்பது அவர் கேட்ட ஏலத்திலிருந்தே ஊகிக்கலாம். அப்படியானால் ஜானின் ஹார்ட் ராஜா செத்த சீட்டு, மூன்று பிடி அங்கேயே போகும். டைமண்டில் ஏற்கெனவே ஒன்று போயாயிற்று. ஆக, கையில் இருக்கும் நாலு ஹார்ட்டில் இரண்டை எங்கேயாவது தள்ளிவிட வேண்டும். தள்ள ஒரே இடம் மிர்ட்டிலின் ஐந்து கிளாவர்.

ஒரு வழி இது. மிச்சமிருக்கும் டைமண்டை இறக்கி டம்மியில் சின்னத் துருப்பால் வெட்டுவது. ஒரு ஸ்பேடை இறக்கி ராஜாவால் பிடிப்பது. அடுத்த ஸ்பேடை ஹாஃப்மன் பக்கமாக இறக்கி, அவர் சின்னதாகப் போட்டால் டம்மியின் பத்தை வைப்பது. ராணி அவரிடம் மாட்டிக்கொண்டிருப்பதால் பத்துக்கே பிடி விழும். பிறகு கிளாவர் ஏஸ், அதற்கடுத்து கிளாவர் ஒன்பது. மேமி ராணியைப் போட்டால் ஜான் கையில் துருப்பால் வெட்டுவது. ஸ்பேட் ஏஸுக்குப் போனால் ஹாஃப்மனின் ராணி விழுந்துவிடும். இப்போது டம்மியின் கிளாவர் எட்டும் நாலும் இரண்டு பிடி. அவற்றின்மேல் இரண்டு ஹார்ட்டைத் தள்ளலாம். கடைசியில் ஹார்ட்டில் இரண்டு பிடி மட்டும் போகும். ஜானுக்கு மிகச் சரியாகப் பத்து. (நாலு கையையும் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் எல்லோரும் மேதைதான், அது வேறு.)

அச்சில் வந்த விமர்சனப்படி ஜான் இப்படியெல்லாம் திட்டம் போடவில்லை. பிடி கையில் வந்ததும் எதிரிகளின் துருப்பைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார். துருப்பைப் பிடுங்குவது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் எப்போது, டம்மிக்குத் திரும்பிவர என்ன வழி வைத்துக்கொண்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும். மேலே உள்ள நாலு கைகளும் அன்று இரவு உண்மையிலேயே விழுந்தவைதானா? பெரும்பாலும் இல்லை என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் நினைக்கிறார்கள். கண் முன்னால் ஒருவர் சுடப்பட்டுச் சாகும்போது, மேஜையில் கிடந்த 52 சீட்டும் யாரிடம் எது இருந்தது என்று யார் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்? அச்சுக்கு வந்த கை கொஞ்சம் அதிகமாகவே நேர்த்தியாக இருக்கிறது. கொஞ்சம் மிகையாகக் கேட்ட கணவர், அவரை நம்பிய மனைவி, தோற்றாலும் ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டம். பாடம் நடத்துவதற்கென்றே செய்த கை மாதிரி இல்லையா?

பாடம் நடத்த ஆளும் தயாராக இருந்தார். அவர் பெயர் ஈலை கல்பர்ட்சன். 1891-இல் ருமேனியாவில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அம்மா ரஷ்யர். ரஷ்யப் புரட்சியில் குடும்பச் சொத்து போனபின் சீட்டாடிப் பிழைத்தவர். நியூயார்க்கில் பிரிட்ஜ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஜோசஃபின் தில்லன் என்பவரை 1923-இல் மணந்தார். 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையை அவர் தொடங்கியது 1929 அக்டோபரில். அதாவது பென்னட் செத்த அடுத்த மாதம், நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த அதே மாதம்! பத்திரிகை தொடங்க இதைவிட மோசமான நேரம் இல்லை என்று தோன்றும். நடந்தது நேர் எதிர். கையில் காசு இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒரு சீட்டுக்கட்டு இருந்தால் நாலு பேருக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

கல்பர்ட்சன் விற்றது என்ன? ஏலத்தின் பதினைந்து சொற்களுக்கு ஒரு அகராதி. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம், எந்தச் சொல்லுக்குப் பிறகு ஜோடி பாஸ் சொல்லக் கூடாது என்று வரையறுத்தார். 1930-இல் வந்த அவருடைய 'புளூ புக்' அமோகமாக விற்றது. அதே ஆண்டு லண்டனுக்குப் போய், இந்த முறையெல்லாம் வேண்டாம், இயல்பாகக் கேட்டாலே போதும் என்று சவால்விட்ட லெஃப்டினன்ட் கர்னல் வால்டர் புல்லரின் அணியை 200 கைகள் கொண்ட போட்டியில் 4,845 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். கான்சஸ் சிட்டிக் கொலையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் அவர் கூசவில்லை. தன் முறைப்படி ஏலம் கேட்டிருந்தால் பென்னட் உயிரோடு இருந்திருப்பார் என்ற தொனியில் அவர் பேசியதும் எழுதியதும் இன்று படிக்கும்போது நெளிய வைக்கிறது. ஆனால் அது வேலை செய்தது.

நீதிமன்றத்தில் இந்தக் கை பெரிய விஷயமாக இருக்கவில்லை. மிர்ட்டிலுக்காக வாதாடியவர் ஜேம்ஸ் ரீட். மிசௌரியின் முன்னாள் செனட்டர், 1928-இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றவர். துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பது அவர் கட்சியின் வாதம். 1931 மார்ச்சில் ஜூரி மிர்ட்டிலை விடுதலை செய்தது. குண்டு ஒன்றல்ல, பல முறை வெடித்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் ரீட் எவ்வளவு பெரிய வக்கீல் என்று புரியும்.

அந்த ஆண்டு டிசம்பரில் கல்பர்ட்சன் அடுத்த காட்சியை அரங்கேற்றினார். அவருடைய வளர்ச்சி பிடிக்காத பழைய பெரிய தலைகள் சேர்ந்து 'அஃபிஷியல் சிஸ்டம்' என்று ஒரு போட்டி முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான சிட்னி லென்ஸோடு 150 ரப்பர் ஆடலாம் என்று சவால் விட்டார். தான் தோற்றால் தர்மத்துக்கு 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000 டாலர். 1931 டிசம்பர் 7 அன்று நியூயார்க்கின் சாத்தம் ஹோட்டலில் தொடங்கிய ஆட்டம் பாதியில் வால்டோர்ஃப் அஸ்டோரியாவுக்கு மாறி 1932 ஜனவரி 8 அன்று முடிந்தது. நடுவராக இருந்தவர் ஆல்ஃபிரட் குருந்தர் என்ற இளம் ராணுவ லெஃப்டினன்ட். (இவர்தான் பின்னாளில் ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி ஆனவர்.) பத்திரிகைகள் இதை ஒரு யுத்தம் போலவே முதல் பக்கத்தில் எழுதின.

மொத்தம் 879 கைகள். சீட்டு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் விழுந்தது. ஒரு பக்கத்துக்கு 1,771 ஏஸ், மறு பக்கத்துக்கு 1,745. ஆகவே சண்டை சீட்டில் இல்லை, ஜோடிகளில்தான். கல்பர்ட்சன் பெரும்பாலும் மனைவியோடு ஆடினார். 150-இல் 88 ரப்பர் ஜோசஃபின் எதிரே உட்கார்ந்தார். கல்பர்ட்சன் தாமதமாக வருவார், ஒரு சீட்டைப் போட நெடுநேரம் எடுத்துக்கொள்வார், லென்ஸை வேண்டுமென்றே சீண்டுவார். ஜோசஃபின் மட்டும் அமைதியாக, சொன்னதைச் சொன்னபடி ஆடிக்கொண்டிருப்பார்.

எதிர்ப்பக்கம் லென்ஸுக்கு வயது 58, அவர் ஜோடி ஆஸ்வால்ட் ஜேக்கபிக்கு 29. ஜேக்கபி அபாரமான மூளைக்காரர். கையில் இல்லாத பலத்தை இருப்பதுபோல் கேட்டு எதிரிகளைக் குழப்புவதில் அவருக்கு ஒரு குஷி. கஷ்டம் என்னவென்றால், எதிரிகளுக்குக் கேட்கிற அதே பொய் எதிரே இருக்கும் லென்ஸுக்கும் கேட்கிறது. முதலில் முன்னிலையில் இருந்த லென்ஸ் பக்கம் பின்தங்கியது. டிசம்பர் 28 அன்று, 103-ஆவது ரப்பர் முடிந்தபோது, ஒரு கையில் தான் ஆடிய விதத்தை லென்ஸ் மேஜையிலேயே குறை சொன்னதைப் பொறுக்காமல் ஜேக்கபி விலகிக்கொண்டார். மிச்ச ஆட்டத்துக்கு வின்ஃபீல்ட் லிக்கெட் என்ற கடற்படை கமாண்டர் வந்தார். கல்பர்ட்சன் 8,980 புள்ளிகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 879 கைக்கு அது ஒன்றும் பிரமாதமான வித்தியாசமில்லை. ஆனால் ஜேக்கபி எழுந்து போன இரவிலேயே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: கல்பர்ட்சன் முறையில் கணவன் மனைவி சண்டையில்லாமல் ஆடுகிறார்கள், மற்ற முறையில் இரண்டு மேதைகளே முறைத்துக்கொண்டு பிரிகிறார்கள்.

அந்தக் கணவன் மனைவி 1938-இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். உலகமெல்லாம் பார்த்த அந்த அமைதி மேஜையோடு சரி என்று ஆயிற்று. பிரிட்ஜ் தொழிலில் மட்டும் கூட்டாளிகளாகத் தொடர்ந்தார்கள். கல்பர்ட்சன் 1955-இலும் ஜோசஃபின் சில மாதங்கள் கழித்து 1956-இலும் இறந்தார்கள். அதற்குள் ஹானர் டிரிக் கணக்கும் வழக்கொழிந்துவிட்டது. ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்ற எளிமையான கணக்கைச் சார்லஸ் கோரன் பரப்பினார். இன்றைக்கும் அதுதான். அந்தக் கணக்கில் ஜான் பென்னட்டின் கைக்குப் பத்துப் புள்ளி. தொடங்க வழக்கமாகப் பன்னிரண்டு, பதிமூன்று வேண்டும்.

மிர்ட்டில் பென்னட் ஊரைவிட்டுப் போனார். ஹோட்டல்களில் வேலை பார்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவரைவிட அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து 1992-இல் இறந்தார். அவர் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பதிமூன்று சீட்டு - ஸ்பேடில் ஏஸ், பத்து, ஆறு, மூன்று என்று தொடங்கும் அந்த வரிசை - பிரிட்ஜ் புத்தகங்களில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.